கருவியின் பாட்டரி: அசலா, மாற்றா?

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்துறை நிறுவனமும் கூட்டாக அமைத்தது. ஒவ்வொன்றும் 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகள் அங்கே உண்டு. அங்கிருந்து வடக்கே பொன்னேரியைக் கடந்து சென்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வந்துவிடும். இரும்பை உருக்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், பலவகைப் பட்டறைகளும் நிறைந்த இடம் அது.

இத்துணை மின்சாரம் பிறந்து பாயும் அந்த வட்டாரத்தில், ஆலைக் கூரையின்மேல் ஏறித் தகடு வேய்கிற தொழிலாளியைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கையிலுள்ள துளைப்பானுக்கு மின்கம்பி கிடையாது. கைப்பிடியின் அடியில் செருகியிருக்கும் சிறு பெட்டி ஒன்றுதான் அதற்கு மின் நிலையம். தொழிலாளர்கள் இதைப் 'பாட்டரி டிரில்' என்கிறார்கள். கம்பி காலில் சிக்கிக் கூரையிலிருந்து விழும் ஆபத்து இதில் இல்லை.

ஆனால் கருவி உழைக்கும் காலம் வேறு, பாட்டரி உழைக்கும் காலம் வேறு. சில ஆண்டுகளில், கருவி நன்றாக இருக்கும்போதே பாட்டரி தளர்ந்துவிடுகிறது. புதிது வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். ஒன்று கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயர் தாங்கியது. மற்றொன்று வேறு யாரோ செய்தது. ஆனால் அதே கருவியில் கச்சிதமாகப் பொருந்துவது. இரண்டாவது, முதலாவதன் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. நாட்கூலியில் வாழ்பவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

எதை வாங்குவது? இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் விடை தானே கிடைத்துவிடும். அதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

டார்ச் கட்டையின் காலம்

முதலில் ஒரு சொல் விளக்கம். வேதி மாற்றத்தால் மின்சாரம் தரும் தனி அலகு மின்கலம். பல மின்கலங்களை ஒன்றாக இணைத்தால் கிடைக்கும் அடுக்கே பாட்டரி. பேச்சு வழக்கில் இரண்டையுமே பாட்டரி என்று சொல்லிவிடுகிறோம்.

பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே 1866-இல் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் கொண்ட மின்கலத்தை அமைத்தார். அதில் திரவம் இருந்தது, சாய்த்தால் கொட்டிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் 1886-இல் அத்திரவத்தைப் பசையாக்கி 'உலர் மின்கலம்' செய்தார். அதன் பிறகே மின்கலம் சட்டைப்பையில் ஏறிப் பயணம் செய்யத் தொடங்கியது. 1898-இல் அமெரிக்காவின் நேஷனல் கார்பன் கம்பெனி, நாம் இன்றும் டார்ச் விளக்கில் போடுகிற பெரிய கட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 61 மில்லிமீட்டர், விட்டம் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 1.5 வோல்ட்.

காலப்போக்கில் இந்த அளவு உலகப் பொது அளவாகிவிட்டது. எந்த நாட்டு நிறுவனம் செய்த கட்டையும் எந்த நிறுவனத்தின் டார்ச்சிலும் பொருந்தும். சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இயங்கிய எவரெடி தொழிற்சாலையிலிருந்து இவ்வகைக் கட்டைகள் நாடெங்கும் சென்றன. 2018-இல் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்படும்வரை திருவொற்றியூர், திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

அந்தக் காலத்துக் கிராமத்தார் மளிகைக் கடையில் டார்ச்சுக்குக் கட்டை வாங்கும்போது, 'இது டார்ச் செய்த கம்பெனியின் கட்டைதானா?' என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. கட்டை எது நன்றாக உழைக்கும், எது ஒழுகிக் கெட்டுப்போகும் என்பதே கேள்வி. விளக்கு ஒருவருடையது, கட்டை வேறொருவருடையது. இந்தப் பிரிவினையால் கட்டை செய்பவர்கள் தரத்திலும் விலையிலும் போட்டியிட வேண்டியிருந்தது. பயனடைந்தவர் வாங்குபவரே.

அப்படியானால் இந்தச் சுதந்திரம் துளைப்பானுக்கு ஏன் வாய்க்கவில்லை?

கம்பியைக் கழற்றிய கருவி

மின்சாரத் துளைப்பானைத் துப்பாக்கிபோல் ஒரு கையால் பிடித்து விசையை அழுத்தி இயக்கும் அமைப்புக்கு, அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961-இல் கம்பியில்லாத் துளைப்பானை வெளியிட்டது. இது விண்வெளி ஆராய்ச்சியின் குழந்தை என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. கடைக்கு வந்தது முன்னே. சந்திரனுக்குப் போனது பின்னே. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் சந்திரத் தரையைத் துளைக்கப் பயன்படுத்திய கருவியின் ஆக்கத்தில் அந்நிறுவனத்தின் அனுபவம் உதவியது என்பதே உண்மை.

1961-ஆம் ஆண்டுத் துளைப்பானில் இருந்தவை நிக்கல்-காட்மியம் மின்கலங்கள். இவ்வகையைச் சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் 1899-லேயே கண்டுபிடித்திருந்தார். மின்னேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதும், ஒரே நேரத்தில் பெரும் மின்னோட்டத்தைத் தரவல்லது என்பதும் இதன் சிறப்புகள். ஒரு மின்கலம் தருவது 1.2 வோல்ட் மட்டுமே. எனவே ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட், பத்து இணைத்தால் 12 வோல்ட், பதினைந்து இணைத்தால் 18 வோல்ட் கிடைக்கும். ஜப்பானின் மகிதா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட நிக்கல்-காட்மியம் துளைப்பான் 7.2 வோல்ட்டில் இயங்கியது.

இங்கேதான் நம் கதையின் திருப்பம். டார்ச்சில் கட்டைகளை ஒவ்வொன்றாகப் போடுகிறோம். துளைப்பானிலோ பல மின்கலங்களை நிக்கல் பட்டையால் பற்றவைத்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடி, ஒரே பெட்டியாகச் செருக வேண்டியிருந்தது. காரணம் பொறியியல் சார்ந்ததே. விற்சுருள் அழுத்தத்தில் நிற்கும் தளர்ந்த இணைப்பு பெரும் மின்னோட்டத்தைத் தாங்காது, சூடேறிக் கருகிவிடும். ஆனால் பெட்டி என்று வந்தபின், அதன் வடிவத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. ஒன்றின் பெட்டி மற்றொன்றில் நுழையாது. உள்ளே இருந்த மின்கலங்கள் பொது அளவில் இருந்தன. வெளிக்கூடு மட்டும் தனியுடைமையாயிற்று. அசலா மாற்றா என்ற கேள்வி பிறந்தது அன்றுதான்.

பழுது பார்த்த தலைமுறை

நிக்கல்-காட்மியம் காலத்தில் இக்கேள்விக்கு எளிய மூன்றாவது விடை ஒன்றும் இருந்தது. பழைய கூட்டைத் திறந்து, தளர்ந்த மின்கலங்களை நீக்கி, புதியவற்றை ஸ்பாட் வெல்டிங் முறையில் பற்றவைத்துக் கொடுக்கும் தொழில்நுட்பர்கள் நகரங்களில் இருந்தார்கள். அந்த மின்கலம் முரட்டுத்தனமானது. சற்று அதிகமாக மின்னேற்றினாலும், முற்றிலும் காலியாகிவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கூட்டுக்குள் பெரிய மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. வெப்பத்தை அறியும் சிறு உறுப்பு ஒன்று இருந்தால் அதிகம்.

குறை என்னவென்றால் காட்மியம் ஒரு நச்சு உலோகம். மண்ணிலும் நீரிலும் கலந்தால் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கையடக்கப் பாட்டரிகளில் காட்மியத்தைத் தடைசெய்தபோது, கம்பியில்லாக் கருவிகளுக்கு விலக்கு அளித்தது. அதற்கு ஈடான வேறு மின்கலம் அப்போது போதிய அளவில் வரவில்லை என்பதே காரணம். அந்த விலக்கும் 2016 இறுதியோடு முடிவுக்கு வந்தது. அதற்குள் புதிய மின்கலம் களத்தைக் கைப்பற்றியிருந்தது.

லித்தியத்தின் வருகை

லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாறு பலர் உழைப்பால் ஆனது. 1970-களில் விட்டிங்காம் அடித்தளமிட்டார். 1980-இல் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயைக் கண்டறிந்தார். 1985-இல் ஜப்பானின் யோஷினோ பாதுகாப்பான முழு வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இடையில் ஒரு தோல்வியும் உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்தியத்தை உலோக வடிவிலேயே வைத்து மின்கலம் செய்தது. 1989-இல் ஜப்பானில் கைத்தொலைபேசிகளில் அவை தீப்பற்றியதால் எல்லாவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது, நிறுவனம் நொடித்தது. கைமாறிய அதே நிறுவனம் பின்னர் வேறு வகை லித்தியம் அயனி மின்கலம் செய்து, 2005-இல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் கருவிகளுக்கு வழங்கியது. அதற்கு முன்பே, 2003-இல், பாஷ் நிறுவனம் லித்தியம் அயனியில் இயங்கும் சிறு திருகுக் கருவியை வெளியிட்டிருந்தது. மகிதாவும் 2005-இல் இந்த வழிக்கு வந்தது.

லித்தியம் அயனி மின்கலம் ஒன்று 3.6 வோல்ட் தருகிறது. நிக்கல்-காட்மியத்தைப்போல் மூன்று மடங்கு. எடையும் குறைவு. ஆனால் குணத்தில் நேர்மாறானது. முழுதாக ஏறியபோது 4.2 வோல்ட், அதற்குமேல் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், வாயு உண்டாகும். ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு வெகு கீழே இறங்கவிட்டால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மின்பகு திரவமோ எளிதில் எரியக்கூடிய கரிமக் கரைப்பான். ஆகவே இதற்கு எப்போதும் காவல் வேண்டும். முன்பு வெறும் கூடாக இருந்த பெட்டிக்குள் இப்போது காவலாளி ஒருவனும் குடியேறிவிட்டான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

18 வோல்ட் பாட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து மின்கலங்கள் தொடராக இருக்கும்: 5 × 3.6 = 18. திறன் கூடிய பாட்டரியில் ஐந்து இணைகளாகப் பத்து மின்கலங்கள் இருக்கும். சில பெட்டிகளில் '20 வோல்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முழுதாக ஏறிய நிலையிலுள்ள உச்ச அளவை அப்படிச் சொல்கிறார்கள். அதிலும் அதே ஐந்து வரிசைதான்.

பெரும்பாலும் அந்த மின்கலம் 18650 என்ற அளவினது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். உருவத்தில் இது டார்ச் கட்டையின் தம்பி. பொது அளவில் உலகெங்கும் செய்யப்படுவது. கருவியில் பெயர் பொறித்த நிறுவனங்கள் பல, மின்கலத்தைத் தாமே செய்வதில்லை. ஜப்பான், கொரியா, சீனம், தைவான் நாடுகளின் மின்கல ஆலைகளிடமிருந்து வாங்கி அடுக்குகின்றன. எனவே 'அசல்' என்ற சொல் உண்மையில் குறிப்பது மூன்றை: நல்ல மின்கலத்தைத் தேர்ந்தெடுத்தது, ஒத்த மின்கலங்களை ஒன்றாக அடுக்கியது, கருவிக்கும் மின்னேற்றிக்கும் இசைவான காப்புச் சுற்றை அமைத்தது.

காப்புச் சுற்றின் வேலை என்ன? ஒவ்வொரு வரிசையின் மின்னழுத்தத்தையும், பெட்டியின் வெப்பத்தையும் அளப்பது. எல்லை மீறினால் மின்னோட்டத்தை நிறுத்துவது அல்லது நிறுத்தும்படி கருவிக்கோ மின்னேற்றிக்கோ அறிவிப்பது. இந்த வேலையைப் பெட்டிக்கும், கருவிக்கும், மின்னேற்றிக்கும் இடையே எப்படிப் பங்கிடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். காலியாகும்போது நிறுத்தும் பொறுப்பு சில அமைப்புகளில் பெட்டியிடம் இல்லை, கருவியிடம் இருக்கிறது. வெளிவடிவத்தை மட்டும் பார்த்துச் செய்த மாற்றுப் பெட்டி பொருந்திவிடலாம். காவல் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லாமல் போகலாம்.

நீங்களே பெட்டியைத் திறந்து பார்க்க முயல வேண்டாம். உள்ளே திருப்புளி நழுவி இரு முனைகளைத் தொட்டால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாயக்கூடும்.

ஒரு சிறு கணக்கு

மலிவான மின்கலத்துக்கும் நல்ல மின்கலத்துக்கும் வெளியே வேறுபாடு தெரியாது. வேறுபாடு உட்தடையில் இருக்கிறது. மாணவர்கள் கீழ்க்காணும் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

கெட்டியான இரும்பைத் துளைக்கும்போது கருவி 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கலங்கள் இரண்டிரண்டாக இணைந்திருப்பதால் ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் தர வேண்டும். நல்ல மின்கலத்தின் உட்தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்குவது: 20 × 20 × 0.02 = 8 வாட். பத்து மின்கலங்களிலும் சேர்த்து 80 வாட். மின்னழுத்த இழப்பு வரிசைக்கு 0.4 வோல்ட்; ஐந்து வரிசைக்கு 2 வோல்ட். மோட்டாருக்கு 16 வோல்ட் போய்ச் சேரும்.

இப்போது உட்தடை 0.06 ஓம் உள்ள மலிவான மின்கலம். வெப்பம் ஒன்றுக்கு 24 வாட். பத்துக்கும் 240 வாட். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் நான்கு 60 வாட் குண்டு விளக்குகளின் ஆற்றலை வெப்பமாக அடைத்துவைத்ததற்குச் சமம்! மின்னழுத்த இழப்பு 6 வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது 12 வோல்ட்தான். கருவி திணறும், தொழிலாளி மேலும் அழுத்துவார், மின்னோட்டம் இன்னும் கூடும். பெட்டி சூடாவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

சித்திரை வெயிலில் தகட்டுக் கூரையின்மேல் வைத்த பெட்டி வேலை தொடங்கும் முன்பே சூடாகியிருக்கும். நம் நாட்டில் இந்த 240 வாட் எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அசல், மாற்று, போலி

இரண்டு வகை என்று கடையில் தோன்றினாலும் உண்மையில் மூன்று வகை உண்டு.

முதலாவது அசல்: கருவி நிறுவனமே தன் பெயரில் தருவது. இரண்டாவது மாற்று: வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரைப் போட்டு, இன்ன கருவிக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்பது. இது குற்றமன்று. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவே, ஒரு பொருள் மற்றொன்றுக்கு உறுப்பாகவோ துணைப்பொருளாகவோ பொருந்தும் என்று தெரிவிக்கத் தேவையான அளவுக்கு அந்தப் பெயரைச் சொல்ல இடம் தருகிறது. மூன்றாவது போலி: அசல் நிறுவனத்தின் பெயரையும் நிறத்தையும் அப்படியே அச்சிட்டு ஏமாற்றுவது. இதுவே சட்ட விரோதம்.

மாற்றையும் போலியையும் ஒன்றாகக் குழப்பி 'டூப்ளிகேட்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இதனால் நேர்மையாகச் செய்பவருக்கும் கெட்ட பெயர். மாற்றுச் செய்பவர் தன் பெயரைப் போட்டிருந்தால், குறை நேரும்போது கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார். போலியில் அந்த ஒருவர் இல்லை.

அதுபோலவே, அசல் என்றால் ஒருபோதும் தவறாது என்று நினைப்பதும் பிழை. 2006-இல் டெல் நிறுவனம் தன் மடிக்கணினிகளில் அசலாகவே வைத்துக் கொடுத்த ஏறத்தாழ 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மின்கலங்களைச் செய்தது, 1991-இல் இவ்வகையை உலகுக்கு அறிமுகப்படுத்திய சோனியேதான். உற்பத்தியின்போது உள்ளே கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள் காரணம். ஆனால் அசலுக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தவற்றிலேயே தெரிந்தது. எந்தப் பாட்டரி எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்ற பதிவேடு இருந்தது; அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பொறுப்பாளி இருந்தார்.

கடையில் நின்று சோதிப்பது எப்படி?

ஆய்வுக்கூடம் இல்லாமலே சில உண்மைகளைக் கண்டுகொள்ளலாம்.

முதல் கருவி தராசு. 18650 மின்கலம் ஒன்று 45 கிராம் முதல் 48 கிராம் வரை எடையுள்ளது. பத்து மின்கலங்கள் என்றால் அவை மட்டுமே 450 கிராமுக்குக் குறையா. கூடும், சுற்றும், தகடும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டியே ஆக வேண்டும். பத்து மின்கலம் என்று சொல்லி விற்கும் பெட்டி மளிகைக் கடைத் தராசில் 400 கிராம் காட்டினால், சொன்னது பொய்.

இரண்டாவது கருவி கூட்டல் கணக்கு. 18650 அளவில் மிக உயர்ந்த கொள்ளளவே ஏறத்தாழ 3.5 ஆம்பியர்-மணிதான். பெரும் மின்னோட்டம் தரவல்லவற்றில் இன்னும் குறைவு, 2.5 அல்லது 3 இருக்கும். இரண்டிரண்டாக இணைத்த பத்து மின்கலப் பெட்டியில் 7-க்கு மேல் வரவே வராது. அந்த அளவுப் பெட்டியில் 9 என்றும் 12 என்றும் அச்சிட்டிருந்தால், அச்சிட்டவர் கூச்சமில்லாதவர் என்று அறிந்துகொள்ளலாம். 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய மின்கலங்களும் இப்போது வருகின்றன. அவற்றில் கொள்ளளவு கூடும். ஆனால் பெட்டியும் பெரிதாகும்; எடையும் ஏறும்.

மூன்றாவது, முத்திரை. கையடக்கப் பயன்பாட்டுக்கான இவ்வகை மின்கலங்களும் பாட்டரிகளும் இந்தியத் தரக் கழகத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. இந்தியத் தரம் 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் மேலே இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் யாருடையது என்பதைக் கழகத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் பார்த்துவிடலாம்.

நான்காவது, செய்தவர் பெயர், முகவரி, செய்த மாதம், ரசீது. இவை இல்லாத பெட்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

வாங்கிய பின்னும் கவனம் தேவை. முதல் சில நாட்கள், வேலை முடிந்ததும் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கையால் தாங்க முடியாத சூடு கூடாது. சூடாக இருக்கும்போதே மின்னேற்றியில் செருகக் கூடாது. ஆறவிட்டுச் செருக வேண்டும். மாற்றுப் பாட்டரியை ஆளில்லாத கொட்டகையில் இரவெல்லாம் மின்னேற்றியில் விட்டு வருவது, அடுப்பை எரியவிட்டுக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். உப்பிய பெட்டி, விழுந்து விரிசல் கண்ட பெட்டி ஆகியவற்றை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

விலை மலிவு, செலவு மலிவா?

18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்கும் ஆற்றல் 18 × 5 = 90 வாட்-மணி. நம் வீட்டு மின்மானியில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆக, ஒரே யூனிட்டில் இதைப் பதினொரு முறை நிரப்பிவிடலாம். மின்னேற்றியில் வீணாவதைக் கழித்தால் சற்றுக் குறையும். மின்சாரத்தின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாம் காசு கொடுப்பது அதைச் சுமக்கும் பெட்டிக்கு. எனவே பெட்டியின் விலையைப் பார்ப்பதோடு நில்லாமல், அது எத்தனை முறை நிரம்பி வடியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அசல் 6 பங்கு விலைக்கு 600 முறை உழைக்கிறது. மாற்று 3 பங்கு விலைக்கு 200 முறை உழைக்கிறது என்று கொள்வோம். முறை ஒன்றுக்கான செலவில் மாற்றே ஒன்றரை மடங்கு அதிகம். மாற்று 400 முறை உழைத்தால் அதுவே இலாபம். வீட்டில் மாதம் ஒருமுறை துளை போடுபவருக்கு இந்தக் கணக்கே வேறு: இருவகையும் பயன்பாட்டால் தேயும் முன் வயதால் தளர்ந்துவிடும். அவருக்குப் பெயருள்ள ஒரு மாற்று போதுமானது. நாள்தோறும் கூரையில் நின்று உழைப்பவருக்கோ, நடுவேலையில் நின்றுபோகும் கருவி அன்றைய கூலியையே தின்றுவிடும். பாட்டரியை அவர் தன் உடலோடு அணைத்துப் பிடித்து வேலை செய்கிறார் என்பதையும் மறக்கலாகாது.

மீண்டும் பொது அளவு வருமா?

டார்ச் கட்டைக் காலத்தின் சுதந்திரம் சிறிது சிறிதாகத் திரும்பி வரும் அறிகுறிகள் உண்டு. 2018-இல் ஜெர்மனியின் மெட்டாபோ நிறுவனம் முன்னின்று, பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே பாட்டரியில் இயங்கும் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியது. பாஷும் பின்னர் இத்தகைய முயற்சியில் இறங்கியது. ஆனால் இவை தனித்தனிக் குழுக்களே. உலகப் பொது அளவு இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பாட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பாட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. அதே ஆண்டு வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. எனவே பழைய பெட்டியைக் குப்பையில் எறியாமல் சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது நம் காரைக்குடி வழி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. மின்கலமே அதன் முக்கிய ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்று. உள்நாட்டில் உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தைத் தொழில்துறைக்குக் கைமாற்ற 2018 ஜூனில் அந்நிலையம் உடன்படிக்கை செய்தது. சோதித்து முத்திரையிட்ட நல்ல மின்கலம் உள்நாட்டிலேயே மலிவாகக் கிடைக்கும் நாளில், அதைக் கொண்டு முறையாக அடுக்குக் கட்டும் சிறு தொழிற்கூடங்கள் கும்மிடிப்பூண்டி போன்ற பேட்டைகளில் ஏன் எழக் கூடாது? அன்று செய்தவர் பெயர் தாங்கிய மாற்றுப் பாட்டரி, அசலுக்கு நேர்மையான போட்டியாகத் தலைநிமிர்ந்து நிற்கும்.

அதுவரை, கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம்: உள்ளே இருப்பது எந்த மின்கலம்? அதைக் காவல் காப்பது எது? குறை நேர்ந்தால் பதில் சொல்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தருகிற பெட்டி யார் பெயரில் இருந்தாலும் வாங்கலாம். தராத பெட்டி அசலின் நிறத்திலேயே மின்னினாலும் அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடலாம்.